பாதி கிளாரினெட் ரிங்லெட்ல, மீதி கம்போங் ராஜாவுல

ஜாஸ் தெரியுமான்னு கேட்டாங்க. தெரியும்னேன். அவ்வளவுதான், பிளேன் டிக்கெட் வந்துருச்சு.

கேட்டது எங்க பக்கத்து வீட்டுப் பையன் பாண்டி. மலேசியாவுல ஒரு சாப்பாட்டுக் கடையில வேலை பாக்குறான். "அண்ணே, இங்க கேமரன் மலைன்னு ஒரு தேயிலை மலை. அங்க ஒரு அம்மாவுக்குப் பழைய கிளாரினெட் வாசிக்க ஆளு வேணுமாம். இங்க உள்ளவங்க பாத்துட்டு, இதுல விரல் அழுத்துற சாவி எல்லாம் அந்தக் காலத்து மாதிரி, எங்க விரலுக்கு ஒத்து வராதுன்னுட்டாங்க. உங்ககிட்ட இருக்குறதும் அந்த ரகம்தானே? ஜாஸ் தெரியுமாண்ணே?"ன்னான்.

"தெரியுமாவா? நம்ம செட்லயே ரெண்டு ஜாஸ் இருக்குடா"ன்னேன்.

எங்க வத்தலக்குண்டுப் பக்கம் பேண்டு செட்டுல ஜாஸ்னா டிரம். பெரிய டிரம், சின்ன டிரம், தட்டு எல்லாத்தையும் ஒரே ஸ்டாண்டுல மாட்டி ஒருத்தனே அடிப்பானே, அதுக்குப் பேரு ஜாஸ். ஒண்ண என் மச்சான் அடிக்கிறான், இன்னொண்ணு ஓட்டை. அந்தப் பேர்ல தனியா ஒரு சங்கீதமே இருக்குங்கிறது கடல் தாண்டிப் போய்த்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு. நான் அஞ்சாவதோட பள்ளிக்கூடத்த விட்டவன். பள்ளிக்கூடம் என்னைய விட்டுருச்சுன்னும் சொல்லலாம். ரெண்டு பேருக்கும் வருத்தம் இல்ல.

முகூர்த்த மாசம்கிறதால என் கிளாரினெட்ட தம்பிகிட்ட குடுத்துட்டு, ஊதுற வாயில மாட்டுற நாணல் சீவல், ரீடுன்னு சொல்வோம், அந்த டப்பாவோட மட்டும் கிளம்பினேன். ஏர்போர்ட்ல ஒரு அதிகாரி டப்பாவத் திறந்து, ஒரு ரீட எடுத்து மோந்து பாத்தாரு. வாயில வச்சு ஊதுறதுன்னு சைகையில காட்டினேன். அது தப்பான சைகை போல. இன்னொரு அதிகாரிய கூப்பிட்டாரு. அவரும் மோந்தாரு. கடைசியில வாயாலயே கல்யாண ஊர்வலப் பாட்டு ஒண்ணு வாசிச்சுக் காட்டினேன். பாதியிலயே போகச் சொல்லிட்டாங்க. எங்க ஊர்லயும் பாதியிலதான் போகச் சொல்வாங்க.

வெளிய ஸ்டீவன் நின்னுக்கிட்டு இருந்தான். என்னைய வரச் சொன்ன பிலோமினா அக்காவோட மகன். மலையில இருந்து முட்டைக்கோசு ஏத்திக்கிட்டு வந்து கோலாலம்பூர் மார்க்கெட்டுல இறக்கிட்டு, காலி லோரியில என்னைய ஏத்திக்கிட்டான். கோசுக்கு மேல இலை போட்டு மூடி இருந்துச்சாம், எனக்கு அதுவும் இல்ல.

வழியில தாப்பாங்கிற ஊர்ல சாப்பிட நிறுத்தினான். எங்களுக்கு வத்தலக்குண்டு எப்படியோ அப்படி, மலை ஏறுறதுக்கு முன்னாடி வயித்த நிரப்புற ஊரு. ரொட்டி சொன்னோம். கடைக்காரப் பையன், நல்ல தமிழ்ப் பையன், பல்லு கூட விளக்கியிருக்காத நேரத்துல என்கிட்ட வந்து, "அண்ணே, தண்ணி என்ன அடிக்கட்டும்?"ங்குறான்.

நான் ஸ்டீவனப் பாத்தேன். அவன் சாதாரணமா இருக்கான். "காலங்காத்தாலயா?"ன்னேன்.

"எல்லாரும் இப்பத்தானே அண்ணே குடிப்பாங்க"ன்னான் பையன்.

ரொம்ப முன்னேறின நாடுன்னு நெனச்சுக்கிட்டு, "இருக்குறதுலயே நல்லதாக் குடுப்பா"ன்னேன். பால் டீயை ரெண்டு கப்புக்கு நடுவுல முழ நீளத்துக்கு ஆத்திக் கொண்டாந்து வச்சான். அங்க தண்ணின்னா டீ, காபி, மைலோ எல்லாம்தானாம். என் மூஞ்சி விழுந்ததப் பாத்து ஸ்டீவன், "சீனி பத்தலையாண்ணே?"ன்னு கேட்டான்.

மலை ஏற ஆரம்பிச்சதும் மூணாவது வளைவுல ரொட்டி வெளிய வந்துருச்சு. நாலாவதுல டீ. கொடைக்கானல் மலைக்கு அடியிலயே பொறந்து வளந்தவன் நான்னு வண்டியில ஏறுறப்பதான் பெருமையடிச்சிருந்தேன். ஸ்டீவன் ஒரு கோசு இலைய எடுத்து வாய் தொடைக்கக் குடுத்தான். மேகம் தெரிஞ்சுச்சு, தேயிலை தெரிஞ்சுச்சு, அக்கா ஊரு ரிங்லெட் வந்துருச்சு.

பிலோமினா அக்காவுக்கு எழுபதுக்கு மேல. தேயிலை பேக்டரில பாக்கெட் போட்டு ரிட்டயர் ஆனவங்க. வாசல்லயே நின்னு, மலை கேக்குற மாதிரி, "வாங்க தம்பி! பசியாறிட்டீங்களா?"ன்னாங்க. சாப்பிட்டாச்சான்னு அர்த்தம். சாப்பிட்டதும் ஆச்சு, திருப்பிக் குடுத்ததும் ஆச்சுன்னேன். "என்னது?"ன்னு வலது பக்கத்தத் திருப்பினாங்க. இடது காது சுத்தமா இல்ல, வலதும் தேஞ்சுக்கிட்டு வருது. அந்த வீட்டுல எல்லாருமே சத்தமாத்தான் பேசுறாங்க. எங்க செட்டு ஆளுகளோட இருந்த மாதிரியே இருந்துச்சு.

மறுநாள் காலையில பிஸ்கட் டின் ஒண்ண மேசையில வச்சுத் திறந்தாங்க. உள்ள பழைய கம்பளித் துணி. அதுக்குள்ள கிளாரினெட்டு. ஊதுற வாய் இருக்கு, மேல் கட்டை இருக்கு. கீழ் கட்டையும் பூ மாதிரி விரிஞ்ச வாயும் இல்ல.

"மீதி எங்கக்கா?"

"அது கம்போங் ராஜாவுல இருக்கு. மலைக்கு அந்தப் பக்கம். முதல்ல இத ஊதிக் காட்டுங்க தம்பி, ஜாஸ்."

"அக்கா, ஜாஸ் அடிக்கிறது என் மச்சான்."

எல்லாரும் என்னையப் பாத்தாங்க. விளக்கினேன். ஸ்டீவன் வெளிய போய் போன்ல பாண்டியத் திட்டுற சத்தம் கேட்டுச்சு. அக்காவுக்கு விஷயம் புரிய கொஞ்ச நேரம் ஆச்சு. புரிஞ்சதும் கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சாங்க. "டிரம்மா லா? அதுக்கா பிளேன் ஏறி வந்தீங்க?"ன்னாங்க. அங்க எந்தப் பேச்சுக்கும் வால்ல ஒரு லா உண்டு. அப்புறம், "பரவால்ல. எங்கப்பாவுக்கும் முதல்ல அப்படின்னா என்னன்னு தெரியாது"ன்னுட்டு அவரு கதையச் சொன்னாங்க.

அவங்கப்பா அந்தோணி இந்த மலையில துரைமார் கிளப்புல குளிர் காயிற கணப்புக்கு விறகு போட்டவரு. ஒரு துரை ஆசைப்பட்டு கிளாரினெட் வாங்கி ஒரு மழைக்காலம் பூரா ஊதியிருக்காரு. துரையம்மா, ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்னுட்டாங்க. துரை ரொம்ப யோசிச்சுட்டு அத விறகுக்காரர்கிட்ட குடுத்துட்டாரு. கிளப்புல கிராமபோன் பிளேட்டுல பாட்டு ஓடும். இவரு விறகு தள்ளிக்கிட்டே காது குடுப்பாரு. பாட்டு முடியலைன்னா விறகும் முடியாது. அந்தக் காலத்துல அங்க ஆடினவங்க எல்லாம் வேர்த்து வேர்த்துத்தான் ஆடியிருக்காங்க. வருஷக்கணக்குல இப்படி ஊதிப் பழகி, கிளப்பு பேண்டுலயே கோட்டு போட்டு நின்னுட்டாரு. பியானோவுக்கு ஒரு சீனரு, டிரம்முக்கு ஒரு பிலிப்பைன்ஸ்காரரு, கிளாரினெட்டுக்கு இவரு. இந்த மலையில முதமுதல்ல ஜாஸ் ஊதின தமிழன் எங்கப்பாதான்னு அக்கா சொன்னாங்க. ரெண்டாவது ஆளு யாருன்னு கேட்டேன். இன்னும் வரலையாம்.

"ஜாஸ்னா என்னன்னு அப்பா சொல்வாரு தம்பி. பாட்டு கொஞ்ச தூரம் ஒண்ணாப் போகும், அதுக்கப்புறம் அவனவன் இஷ்டத்துக்குப் போயிட்டு, கடைசியில ஒண்ணா வந்து சேருறது."

எங்க செட்லயும் எல்லாரும் இஷ்டத்துக்குத்தான் போவோம். வந்து சேருறதுதான் கிடையாது.

ஜப்பான்காரன் நாட்டப் பிடிச்சிருந்த காலத்துல, கறுப்பு மரம்தானேன்னு கிளாரினெட்ட விறகுக் கட்டுக்குள்ள சொருகி ஒளிச்சு வச்சிருந்தாராம். காட்டுக்குள்ள கம்யூனிஸ்ட் சண்டை நடந்த எமர்ஜென்சி காலத்துல துரைமார் துப்பாக்கியோட வருவாங்களாம், செவுத்துல வரிசையா சாத்தி வச்சுட்டு ஆடுவாங்களாம். இவரு துப்பாக்கியப் பாத்துக்கிட்டே வாசிப்பாராம். அந்த வருஷங்கள்லதான் ரொம்ப நல்லா வாசிச்சாருன்னு பேரு. அப்புறம் துரைமார் ஊருக்குப் போயிட்டாங்க, கோட்டு மட்டும் மிச்சம். கம்போங் ராஜாப் பக்கம் கோயில் ஊர்வலத்துக்கும் சாவுக்கும் ஊதப் போனாரு. போன இடத்துல இன்னொரு குடும்பம் ஆயிருச்சு.

"வெள்ளிக்கிழமை அங்க கோயில்ல, ஞாயித்துக்கிழமை இங்க சர்ச்சுப் பூசையில. ரெண்டு சாமிக்கும் லீவு போட்டதில்ல"ன்னாங்க அக்கா.

குளிர்ல மரம் வெடிச்சுரும்னு மேல் கட்டைய எப்பவும் கோட்டுப் பையில உடம்பு சூட்டுல வச்சிருப்பாராம். ஒரு தடவ அங்க இருந்தப்ப மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. திரும்பல. உடம்பும் கோட்டும் இங்க வந்துச்சு, மேல் பாதி கோட்டுப் பையிலயே. கீழ் பாதி அங்கயே நின்னு போச்சு. நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, இங்க உள்ளவங்க அங்க போனதில்ல, அங்க உள்ளவங்க இங்க வந்ததில்ல.

என்னைய எதுக்கு வரவழைச்சாங்கன்னு அப்புறம்தான் சொன்னாங்க. வலது காதுக்குப் பின்னாடி ஒரு கட்டி. அடுத்த வாரம் ஈப்போ ஆஸ்பத்திரில ஆபரேஷன். எடுத்தா உயிர் நிக்கும், காது நிக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. "அப்பா காலையில எஸ்டேட் லைன் வீட்டுல குழல சூடு பண்ண, எல்லா ஓட்டையையும் பொத்தி அடிச் சத்தம் ஒண்ணு நீளமாக் குடுப்பாரு. பலகை வீடு. செவுரே உறுமும். நான் செவுத்துல காது வச்சுப் படுத்திருப்பேன். அது ஒரு தடவ கேக்கணும் தம்பி. இந்தப் பாதியில அது வராது."

ஊதிப் பாத்தேன். வாத்து ஒண்ணு யாருகிட்டயோ கோவிச்சுக்கிட்ட மாதிரி வந்துச்சு.

"ஒண்ணு மட்டும்"னாங்க அக்கா. "காது கதைய அவன்கிட்ட சொல்லக்கூடாது. பரிதாபப்பட்டு எனக்கு யாரும் ஒண்ணும் குடுக்க வேணாம்."

அவன்னு சொன்னது ஆறுமுகத்த. அந்த வீட்டு மகன், அந்தோணிக்கு ஒரே ஆம்பளப் புள்ள.

மூணாம் நாள் சனிக்கிழமை. கம்போங் ராஜா போற வழியில, கியா பார்ம்ங்கிற சந்தைக்கிட்ட லோரி நின்னுச்சு, நின்னது நின்னதுதான். மலேசியா பூராவும் கார் எடுத்துக்கிட்டு ஸ்ட்ராபெரி வாங்க வந்திருக்கு. ஸ்ட்ராபெரி மாதிரி தலையணை, ஸ்ட்ராபெரி மாதிரி தொப்பி, ஸ்ட்ராபெரி மாதிரி செருப்பு. எதுத்தாப்புல காய்கறி விக்கிற சீன அம்மா எங்க லோரியப் பாத்து மலாய்ல என்னமோ கத்தினாங்க. ஸ்டீவன் மொழிபெயர்த்தான்: "கடைய மறைக்காத, நகரு, இல்லைன்னா ஏதாவது வாங்கு." நகர முடியல. சோளம் வாங்கினோம்.

ஆறுமுகம் அண்ணனுக்கு அறுபத்தஞ்சு இருக்கும். தேயிலை லோரி ஓட்டி ஓட்டி ஒரு தோள் இறங்கின மனுஷன். நான் உள்ள போயி, "அந்தோணி ஐயாவோட குழல் விஷயமா..."ன்னு ஆரம்பிச்சேன்.

"அப்படி யாரும் இங்க இல்ல. எங்கப்பா பேரு ஆண்டி. பழனி ஆண்டி."

விஷயம் என்னன்னா, துரைமாருக்கு அந்தோணி வாயில வரல, ஆண்டின்னு கூப்பிட்டிருக்காங்க. அது அவங்க ஊர்லயும் உள்ள பேராம். மலைக்கு இந்தப் பக்கம் அதக் கேட்டவங்க முருகன் பேருன்னு நெனச்சு தேங்கா உடைச்சிருக்காங்க. அவரும் மறுக்கல. மகனுக்கு ஆறுமுகம்னு பேரும் வச்சுட்டாரு.

ஸ்டீவன் லோரியிலயே உக்காந்திருந்தான். ஆறுமுகம் அண்ணன் எட்டிப் பாத்து, "டேய், வந்து பசியாறுடா! சண்டை உங்கம்மாவோட. உன் வயித்தோட இல்ல"ன்னாரு. மீன் கறியும் சோறும் போட்டாங்க. வயிறு நிறையத் தின்னுட்டு நிமிந்தா, கண்ணாடிக் கதவு வச்ச சாமித் தட்டுல கீழ் பாதி நிக்குது. விரிஞ்ச வாய் அடியில, கட்டை மேல, குத்துவெளக்கு மாதிரி. விரல் வைக்கிற ஓட்டை ஒவ்வொண்ணுலயும் ஒரு ஊதுவத்தி. வாசிச்சிருந்தா என்ன சுரம் வந்திருக்குமோ, புகை நல்லா வந்துச்சு.

அண்ணன் அப்பாவப் பத்தி நல்லாத்தான் பேசினாரு. "தேர் வர்றப்ப எங்கப்பா திடீர்னு ஜாஸுக்குத் தாவிருவாருலா. சாமி தூக்குற ஆளுங்க காலு தானா ஆடும். ஒரு வருஷம் சாமி சாக்கடைப் பக்கமே சாஞ்சுருச்சு. கோயில் தலைவர் திட்டினாரு. அப்பா சொன்னாரு, சாமிக்குப் பிடிச்சுப் போச்சு, நான் என்ன செய்ய?"

குழலக் கேட்டதும் குரல் மாறிருச்சு. "அவரு செத்தப்ப நான் கொள்ளிச் சட்டிய கையில வச்சுக்கிட்டு தேயிலை லோரி பின்னாடி உக்காந்து ரிங்லெட் போனேன். காத்துல நெருப்பு அணையாம நெஞ்சோட அணைச்சுக்கிட்டு. போய்ப் பாத்தா, சர்ச்சுக் கல்லறையில பொதைச்சு மண்ணு தள்ளிட்டாங்க. ஒரே ஆம்பளப் புள்ள. சட்டியோட நிக்கிறேன். வந்தவங்க எல்லாம் என் கையப் பாக்குறாங்க. எனக்கு நெருப்பு குடுக்கல. நான் குழல் குடுக்க மாட்டேன். போய்ச் சொல்லு."

காது கதை என் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. மீன் கறியோட சேத்து முழுங்கிட்டேன்.

திரும்பி வந்து சொன்னதும் பிலோமினா அக்கா வலது காத என் பக்கம் கொண்டாந்தாங்க. "சட்டியோட வந்தானா?"ன்னாங்க. "எனக்கு யாரும் சொல்லல. உள்ள அழுதுக்கிட்டு இருந்தேன்." மறுநாள் விடிஞ்சதும் பிஸ்கட் டின்ன என் மடியில வச்சாங்க. "கொண்டு போயி அவன் கையில குடு. அவன் பாதியக் கேக்காத."

"அப்புறம் எப்படிக்கா..."

"குடு தம்பி. சூடு போயிரப் போகுது, சட்டைக்குள்ள வச்சுக்க."

ஸ்டீவனுக்கு வேற லோடு. என்னைய ஒரு சீனரோட தக்காளி லோரில ஏத்தி விட்டான். அவரு மலாய்ல பேசினாரு, நான் தமிழ்ல பேசினேன், வழி பூரா பேச்சு நிக்கல. ரெண்டு பேரும் பொண்டாட்டியப் பத்தித்தான் பேசினோம்னு நினைக்கிறேன். ரெண்டு பக்கமும் தேயிலை, கிராப்பு வெட்டின தலை மாதிரி. மிஷின் பிடிச்சு வெட்டிக்கிட்டு இருந்தவங்க நேபாளத்துக்காரங்க, பங்களாதேஷ்காரங்க. சட்டைக்குள்ள பாதி கிளாரினெட்டோட நான் போனேன். இறங்குறப்ப தக்காளிக்காரர் என் நெஞ்சத் தொட்டுப் பாத்துட்டு ரொம்ப மரியாதையா கும்பிட்டாரு. ஏதோ வியாதின்னு நெனச்சிருக்கணும்.

வாசல்லயே சட்டைக்குள்ள இருந்து எடுத்து டின்ல வச்சு நீட்டினேன், ஆறுமுகம் அண்ணன் வாங்கித் திறந்தாரு. மேல் பாதிய வெளிய எடுத்து, கன்னத்துல வச்சுப் பாத்தாரு. சாமித் தட்டுக்குப் போயி, கீழ் பாதிக்குப் பக்கத்துல அதப் படுக்க வச்சாரு. கண்ணாடிக் கதவச் சாத்திப் பூட்டி, சாவிய இடுப்புல சொருகினாரு.

"இப்ப முழுசா இருக்கு"ன்னாரு. "நீங்க போலாம்."

நான் போகல. "அண்ணே, அது..."

"கொண்டாந்து குடுக்கச் சொன்னா. குடுத்துட்டீங்க. வேற ஏதாவது சொன்னாளா?"

சொல்லல. அதுதான் பிரச்சனை. ஒரு கல்யாணத்துல மாப்பிள்ளை செருப்பத் தொலைச்சவன் நான், ஒரு சாவுல பொணம் போன தெருவ விட்டுட்டு வேற தெருவுல ஊதிக்கிட்டே போனவன். ஆனா ஒரு மனுஷியோட அப்பாவ முழுசாத் தொலைச்சுட்டு நின்னது அன்னைக்குத்தான். பஸ்ஸுல வர்றப்ப வாந்தி கூட வரல.

அக்காகிட்ட வலது பக்கமா நின்னு நடந்ததக் கத்திச் சொன்னேன். தெருவே கேட்டுருக்கும். "சரி"ன்னாங்க. "அவனாவது முழுசா வச்சிருக்கட்டும்." உள்ள போயி எனக்கு தோசை சுட்டாங்க. அந்தத் தோசைய எப்படித் தின்னேன்னு கேக்காதீங்க. நாலு தின்னேன்.

மறுநாள் மத்தியானம், ஆஸ்பத்திரிக்குத் துணி எடுத்து வச்சுக்கிட்டு இருந்தாங்க. வாசல்ல ஒரு பழைய கார் வந்து நின்னுச்சு. ஆறுமுகம் அண்ணன் இறங்கினாரு. கையில துண்டு சுத்தின நீளமான பொட்டலம், கக்கத்துல அந்தப் பிஸ்கட் டின். அந்த வீட்டுப் படிய முதல் தடவ ஏறுறாரு. அக்கா நாற்காலில உக்காந்து மடிச்சுக்கிட்டு இருக்காங்க. இவரு நேராப் போயி பக்கத்துல நின்னாரு. இடது பக்கம்.

"கேக்காமலே நீ டின்னக் குடுத்து விட்டப்புறம்தான், சட்டியோட வந்தது உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தோணுச்சு"ன்னாரு. "அந்தக் கோவம் பெரியவங்க மேல. உன் மேல இல்ல. உன் மேல வச்சுக்கிட்டேன், நீதான் மிச்சம் இருந்த."

அக்கா சேலைய மடிக்கிறாங்க. திரும்பல.

அவரு மூஞ்சி கறுத்துப் போச்சு. பொட்டலத்த இறுக்கிக்கிட்டு வாசலப் பாத்து நடந்துட்டாரு. ஸ்டீவன்தான் குறுக்க ஓடினான். "மாமா, மாமா! அந்தப் பக்கம் காது இல்ல. இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க. இதுவும் புதன்கிழமை வரைக்கும்தான்."

அண்ணன் நின்னாரு. திரும்பி வந்து வலது பக்கம் குனிஞ்சாரு. வாயத் திறந்தாரு. மூடினாரு. மறுபடி திறந்து, "பசியாறிட்டியாக்கா?"ன்னாரு.

"ஆச்சுடா"ன்னாங்க அக்கா. ஏதோ நேத்துப் பேச்ச விட்ட இடத்துல இருந்து தொடர்ற மாதிரி.

டின்ன மேசையில வச்சுட்டு துண்டப் பிரிச்சாரு. ஓட்டைகள்ல சாம்பல் இல்ல. குச்சி விட்டுக் குடைஞ்சு, எண்ணெய் போட்டுத் தொடைச்சிருக்காரு. ரெண்டு கட்டையும் சேருற எடத்துல நூல் சுத்தி மாட்டியிருக்காரு. "ராத்திரி ஊதிப் பாத்தேன். எச்சிதான் வருது"ன்னு என்கிட்ட நீட்டினாரு. ஆனா கீழ் பாதிய விடல. நான் இழுத்தேன், அவரு பிடிச்சுக்கிட்டாரு. "நீங்க ஊதுங்க. என் பாதி என் கையில இருக்கட்டும்."

இப்படி ஒரு வாசிப்ப நான் வாழ்க்கையில வாசிச்சதில்ல. புது ரீடு போட்டேன். நான் நாற்காலில. எதுத்தாப்புல அவரு முட்டி போட்டு, விரிஞ்ச வாய ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு இருக்காரு. என்ன பாட்டுன்னு அக்காவக் கேட்டேன்.

"பாட்டு வேணாம் தம்பி. உனக்குத் தெரிஞ்ச ஜாஸ் எனக்குத் தெரியும். அந்த அடிச் சத்தம் மட்டும் குடு."

எல்லா ஓட்டையையும் பொத்தினேன். முதல்ல வெறும் காத்து. ரெண்டாவது தடவ கீச்சு. மூணாவது தடவ வந்துச்சு. எங்க செட்டுல அந்தச் சுரத்த நாங்க வாசிக்கிறதே இல்ல, தெருவுல யாருக்கும் கேக்காது. மேசை மேல கிடந்த பிஸ்கட் டின் மூடி லேசா அதிர்ந்துச்சு.

அக்கா நெத்திய சுருக்கினாங்க. பத்தல. எழுந்து என் பக்கம் வந்தாங்க, அங்கயும் பத்தல. எல்லா ஓட்டையும் பொத்தியிருந்தா சத்தம் நடுவுல வெளிய வராது, கடைசி வாய் வழியாத்தான் வரும். அது ஆறுமுகம் கையில இருக்கு. அக்கா மெதுவா அவரு பக்கத்துல தரையில உக்காந்து, அவரு கை மேலயே வலது காதச் சாச்சு வச்சுட்டாங்க.

மூச்சு முட்டுது. பீடி குடிக்கிற நெஞ்சு. நிறுத்தினேன். "இன்னும்"னாங்க. மறுபடி குடுத்தேன். "இன்னும்." ஸ்டீவன் செவுத்துல கைய வச்சுப் பாத்துக்கிட்டு நின்னான். சிமெண்டுச் செவுரு, ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. இருந்தாலும் எடுக்கல.

ஆறுமுகம் அண்ணன் விரிஞ்ச வாய அக்கா காதுக்கு இன்னும் கொஞ்சம் நேராத் திருப்பினாரு. கண்ணு ரெண்டும் ரொம்பி, அக்கா தலைக்குப் பக்கத்துல குனிஞ்சு, "கேக்குதாக்கா?"ன்னாரு.

"பேசாம இருடா"ன்னாங்க. "நீ பேசினா அது கேக்க மாட்டேங்குதுல்ல."